விஷமில்லாத வரி மீன்

என் வலது கை முழங்கை வரை உப்புத் தண்ணீருக்குள் இருந்தது. தொட்டியின் மூலையில் ரப்பர் குழாய் மாட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்தில் வைதேகி வாளியைப் பிடித்தபடி நின்றாள். குழாயை எடுப்பதற்காக, அங்கே கிடந்த ஒரு வெற்றுச் சங்கை லேசாக நகர்த்தினேன்.

இரண்டு குண்டூசிகள் ஒரே நேரத்தில் இறங்கின.

வெடுக்கென்று கையை எடுத்தேன். நடுவிரலோடு அந்த மீனும் தண்ணீருக்கு மேலே வந்தது. விரலில் தொங்கி, ஒரு துள்ளு துள்ளி, மறுபடி தொட்டிக்குள் விழுந்தது. ஆள்காட்டி விரல் நீளம்கூட இருக்காது. வெளிர் மஞ்சள் உடம்பில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் மூன்று கறுப்புக் கோடுகள். விழுந்த வேகத்தில் சங்குக்குள் நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தது.

"கடிச்சுடுத்தாடி?" என்றாள் வைதேகி.

"ஆமா."

"கையை உதறாதே. உதறினா விஷம் ஏறும்பா."

அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏனென்றால் தொட்டியின் மேலே, எங்கள் துறைத் தலைவி சிஸ்டர் பெர்னடெட் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை இருந்தது: 'பல்லில் விஷமுள்ள மீன். கையை விடாதீர்கள்.'

சிஸ்டர் ஓடி வந்தார். கைக்குட்டையை என் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். என்னை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். வழி நெடுக அவர் ஜெபமாலை உருட்டினார். நான் என் விரல் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த ரிக்‌ஷாவை அப்படியே தெருவில் விட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். திருச்சியில் கடல் மீன் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால், படிக்கிறவர்கள் என்னை நம்ப மாட்டார்கள்.

கேனில் வந்த கடல்

பெருவெள்ளம் வந்து வடிந்ததற்கு மறு வருஷம் அது. எங்கள் கல்லூரிச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு அப்போதும் பழுப்பாகத் தெரியும். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் முதல் வருஷம். பாலக்கரையில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை.

கல்லூரியில் பெரிய அறிவியல் கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்றதும் மற்ற துறைக்காரர்கள் எரிமலை, மின்மணி என்று ஆரம்பித்துவிட்டார்கள். நானும் வைதேகியும் மட்டும் உயிருள்ள கடல் மீன் காட்டுவது என்று முடிவு செய்தோம். வருஷா வருஷம் மண்டபம் கடற்கரைக்குக் கல்விச் சுற்றுலா போவோம். அங்கே பிடிக்கிறதை எல்லாம் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, வெளுத்துப்போன பொம்மைகளாகக் கொண்டு வருவோம். அந்தத் தடவை உயிரோடு கொண்டு வரலாம் என்றாள் வைதேகி.

வைதேகியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்துப் பெண். உத்தர வீதியில் வீடு. அப்பா கோயிலில் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கிறவர். வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. அந்த வீட்டுப் பெண் விலங்கியல் எடுத்துத் தவளையை அறுத்தாள் என்பதே அப்போது வீதியில் பேச்சாக இருந்தது.

கடல் வற்றும் நேரத்தில் பவளப் பாறைகளுக்கு நடுவே நீர் தேங்கிய பள்ளங்களில் தேடினோம். ஒரு சங்குக்குள்ளிருந்து இந்த வரி மீன் எட்டிப் பார்த்தது. எங்களுக்குப் படகு ஓட்டிய மீனவர் தலையை ஆட்டினார்.

"அதத் தொடாதீங்கம்மா. சின்னதா இருக்குன்னு பாக்காதீங்க. பல்லு மீனு. கடிச்சா விஷம்பாங்க."

"உங்கள கடிச்சிருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குத் தொடுறேன்?" என்றார் அவர்.

மொத்தம் மூன்று மீன்களைச் சங்கோடு சேர்த்து எடுத்தோம். நான்கு பிளாஸ்டிக் கேன்களில் கடல் தண்ணீர். அப்பா ரயில்வேக்காரர் என்பதால் ரயில் கார்டு கேன்களைக் கண்டுகொள்ளவில்லை. பாசஞ்சர் ரயிலில் பகல் முழுக்கப் பயணம். சைக்கிள் பம்பில் ரப்பர் குழாயைச் செருகி, மீன் இருந்த வாளிக்குள் மாறி மாறிக் காற்று அடித்துக்கொண்டே வந்தோம்.

ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பிய ஒரு அம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார். கேனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அக்னி தீர்த்தமாம்மா? எனக்குக் கொஞ்சம் தெளிச்சுக்கக் குடுங்களேன். எங்க வீட்டுக்காரரு சொம்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு."

இது மீனுக்கான தண்ணீர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். வைதேகி என் காலை மிதித்தாள். "தாராளமா எடுத்துக்கோங்கோ மாமி" என்று கேனைச் சாய்த்தாள். அவ்வளவுதான், பெட்டி முழுக்கக் கைகள் நீண்டன. காரைக்குடி வருவதற்குள் ஒரு கேன் பாதியாகிவிட்டது.

"அதுவும் கடல்தானேடி, பொய் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் என்னிடம்.

வழியில் ஒரு மீன் செத்துப்போனது. மீதி இரண்டு உயிரோடு வந்து சேர்ந்தன.

காவிரியும் கலந்தது

ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய கண்ணாடித் தொட்டி இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் அதன் இரும்புச் சட்டம் துருப்பிடித்துவிடும். ஆகவே மெழுகை உருக்கி உள்பக்கம் எல்லாம் பூசினோம்.

அடுத்த தொல்லை மின்வெட்டு. காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டார் நின்றுபோனால் மீனுக்கு மூச்சு முட்டும். இதற்கு வைதேகி ஒரு வழி கண்டுபிடித்தாள். லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, அதன் வாயில் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் குழாயைச் செருகி, கிளிப்பைத் திருகி வைத்தாள். மணிக்கணக்காகக் குமிழி வந்தது. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "வைதேகி, நீ பௌதிகம் படிச்சிருக்கலாம்" என்றார்.

பிறகு தண்ணீர் ஆவியாகும் பிரச்சினை. உப்பு அப்படியே நிற்கும், தண்ணீர் மட்டும் போய்விடும். மட்டம் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றியாக வேண்டும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை. கல்லூரிக் கிணற்றில் சுண்ணாம்பு. எனவே வைதேகி தினமும் காலையில் வரும்போது பித்தளைச் சொம்பில் காவிரித் தண்ணீர் கொண்டு வருவாள்.

அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் பயந்தேன். ஒரு நாள் அவர் கேட்டேவிட்டாராம், தீர்த்தத்தை எங்கே கொண்டுபோகிறாய் என்று. இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"சொம்பை வாங்கித் திருப்பிப் பாத்தார். அப்புறம், 'மத்ஸ்யமா? பெருமாளே முதல்ல எடுத்த அவதாரம்னா அது. நன்னாத் தேய்ச்ச சொம்பா எடுத்துண்டு போ'ன்னுட்டார்."

மீனுக்கு இறாலைப் பொடியாக நறுக்கிப் போடுவதும் அவள்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கத்தரிக்கோலால் வெட்டுவாள். வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவாள்.

விஷம் என்ற சந்தேகத்தை உறுதி செய்தவர் சிஸ்டர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தடிப் புத்தகத்தில் அச்சாக இதே மாதிரி மூன்று கோடு போட்ட மீன் படம் இருந்தது. கீழ்த்தாடைக் கோரைப்பல்லின் அடியில் விஷப் பை, பல்லில் அது இறங்குவதற்கு ஒரு பள்ளம் என்று எழுதியிருந்தது. அட்டை எழுதப்பட்டது அப்படித்தான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்

இப்போது ரிக்‌ஷாவுக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் இளவயதுக்காரர். பாம்பா என்று கேட்டார். மீன் என்றதும் என்ன மீன் என்றார். சிஸ்டர் சொன்ன லத்தீன் பெயரைக் கேட்டுவிட்டு என் நாடியைப் பிடித்தார். கண்ணைப் பார்த்தார். தடுப்பூசி ஒன்று போட்டுவிட்டு, "இங்கயே உக்காந்திருங்க. மயக்கம் வந்தா கூப்பிடுங்க" என்றார்.

உட்கார்ந்திருந்தேன். மயக்கம் வரவில்லை. வாந்தி வரவில்லை. வீக்கம்கூட இல்லை. ஒரு மணி நேரம் ஆனதும் பசி வந்தது. சிஸ்டர் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு வாழைப்பழம் வாங்கித் தந்தார். விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

ஆனால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார்.

"படிச்சது போதும்மா. கல்யாணம் பேசி வச்சிருக்கிற நேரத்துல இதெல்லாம் வேணாம்."

அதைச் சொல்ல மறந்தேனே! அந்த மாதம்தான் எனக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை லூர்துசாமிக்குக் கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் மணப்பாறை. தகப்பனார் இல்லை. அம்மா சவரியம்மாள் முறுக்கு சுட்டு விற்று மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தவளை அறுக்கிற கையா இது?" நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

மூன்றே நாளில் மணப்பாறை வரைக்கும் கதை போனது. பெண்ணை விஷ மீன் கடித்துவிட்டது, கை கறுத்துவிட்டது, இனி சோறு பிசைந்து சாப்பிட முடியாது என்றெல்லாம். தரகர் வந்து, "அந்தம்மா யோசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்குக்குள் கசகசா

எப்படியோ அப்பாவைக் கெஞ்சி, கண்காட்சி முடியும் வரைக்கும் போக அனுமதி வாங்கினேன். ஆய்வுக்கூடத்துக்குப் போனால் மேஜையில் ஃபார்மலின் பாட்டில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. வைதேகி கையில் வலையோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"சிஸ்டர் போட்டுடச் சொல்லிட்டா. கண்காட்சிக்குக் குழந்தைகள்லாம் வரும், யாராவது கையை விட்டா யார் பதில் சொல்றதுங்கறா."

"அப்ப போடவேண்டியதுதானே. ஏன் நிக்கிறே?"

"வெளியிலேயே வர மாட்டேங்கறதுடி. வலையைக் காட்டினா மத்தது ஓடறது. இது ஓடலை. சங்குக்குள்ளயே இருந்துண்டு வாலை விசிறிண்டே இருக்கு. எனக்கு என்னமோ தோணறது."

டார்ச் விளக்கைக் கொண்டு வந்தோம். சங்கின் வாய்ப் பக்கமாகச் சாய்த்து வெளிச்சம் அடித்து, கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். சங்கின் உள் சுவரில் கசகசாவை ஒட்ட வைத்த மாதிரி வரிசை வரிசையாக முட்டைகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று.

மீன் அவற்றின் மேல் படுத்து, வாலால் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தது. ஆண் மீன்தான் இப்படிக் காவல் இருக்கும் என்று பாடத்தில் படித்திருந்தோம். நான் நகர்த்தியது வெற்றுச் சங்கு இல்லை.

"ஐயோ, பாவம்டா நீ" என்றேன். விரலைக் கடித்தவனிடம் மன்னிப்புக் கேட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

இருவரும் சிஸ்டரின் அறைக்கு ஓடினோம். அவர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் லென்ஸில் பார்த்தார்.

"முட்டை இருக்குங்கறதால விஷம் இல்லேன்னு ஆயிடாது, ஸ்டெல்லா."

"விஷம் இருந்தா எனக்கு ஏதாவது ஆயிருக்கணுமே, சிஸ்டர்?"

"உனக்கு ஆகலை. இன்னொருத்தருக்கு ஆகாதுன்னு நீ எழுதிக் கையெழுத்து போடுவியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ரயிலில் செத்துப்போன மூன்றாவது மீன் பாட்டிலில் இருந்தது. அதன் தாடையை நானே பிரித்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இரண்டு நாள். கோரைப்பல் இருந்தது, வளைந்து, பயங்கரமாக. ஆனால் பல்லில் பள்ளம் இல்லை. அடியில் பையும் இல்லை. அதே தடிப் புத்தகத்தைப் புரட்டினோம். நாற்பது பக்கம் தள்ளி, சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. விஷமுள்ள மீனின் உறவுக்கார மீன்கள் சில, விஷம் இல்லாமலேயே அதே மாதிரிக் கோடு போட்டுக்கொண்டு, அதே மாதிரி நீந்தித் திரியும். பெரிய மீன்கள் ஏமாந்து விலகிப் போய்விடும்.

எங்கள் மீன் அந்தப் பத்தியில் இருந்தது.

சிஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒத்துக்கொண்டார், ஆனால் பாதிதான். "உன் பிளேடு பட்டுப் பை கிழிஞ்சிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு மீன்தானே பாத்திருக்கே." கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மீன் சாகாது. ஆனால் தொட்டி மூலையில் இருக்கும், சுற்றிக் கயிறு கட்டியிருக்கும், அட்டையும் இருக்கும்.

மணப்பாறையிலிருந்து ஒருவர்

கண்காட்சி அன்று காலையிலிருந்து கூட்டம். எரிமலையை விடக் கயிறு கட்டிய மூலையில்தான் நெரிசல். விஷம் என்றால் ஜனங்களுக்கு ஒரு ஆசை. முட்டைகளில் அதற்குள் கண் வைத்துவிட்டது. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. அப்போது வாசலில் ஒரு துணிப்பை தெரிந்தது. அதற்குப் பின்னால் சவரியம்மாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார்.

எழுந்து நின்றேன்.

"எந்தக் கை?" என்றார்.

வலது கையை நீட்டினேன். விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"கறுத்துப் போச்சுன்னாங்க."

"இல்லைங்க. அன்னைக்கே சரியாயிடுச்சு."

"மீன் எங்க?"

கையைக் காட்டினேன். கயிற்றைத் தூக்கி அதற்கு அடியில் குனிந்து போனார். வைதேகி, "மாமி, மாமி, போர்டு பாருங்கோ" என்றாள். சவரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. படிக்கத் தெரிந்திருந்தாலும் அவர் நின்றிருப்பார் என்று சொல்ல முடியாது.

புடவையைச் சொருகிக்கொண்டு, வலது கையை நேராகத் தொட்டிக்குள் விட்டார். சங்குக்குப் பக்கத்தில் விரலை நீட்டினார்.

அது கடித்தது.

அவர் கையை உதறவில்லை. அது தானாக விடும் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, மெதுவாக எடுத்தார். விரலில் ஒரு சொட்டு ரத்தம். யாரோ ஒரு பெண் கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் ஓடி வந்தார்கள். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ரிக்‌ஷா கூப்பிடுங்க, யாராவது!"

"யாரும் ஓடாதீங்க" என்றார் சவரியம்மாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ணெய் தெறிச்ச அளவுக்குக்கூட இல்ல. ஒரு மணி நேரம் இங்கனயே இருக்கேன். நான் செத்தா இது விஷ மீனு. இல்லன்னா அந்தக் கயித்த அவுத்துருங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம்

சவரியம்மாளை நான் சரியாகப் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். கை முழுக்க எண்ணெய் பட்ட பழைய வடுக்கள், சின்னச் சின்னதாக. பையைத் திறந்து முறுக்கு எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். வைதேகி தயங்கினாள். "எள்ளும் அரிசி மாவும்தான் கண்ணு. வேற எதுவும் இல்ல" என்றார். அவள் வாங்கிக் கடித்தாள்.

"ஏங்க அப்படிச் செஞ்சீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஊர்ல ஒண்ணு சொல்றாங்க. தரகர் ஒண்ணு சொல்றாரு. நான் வந்து பாக்காம, பொண்ணு வேணாம்னு சொல்லி அனுப்பிட்டா, அப்புறம் உன்னை யாரு கட்டுவா? மீன் கடிச்ச பொண்ணுன்னே பேராயிடும்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னையும்தான் வாயத் தொறந்தா விஷம்னு சொல்றாங்க. சந்தையில நின்னு யாவாரம் பண்ணணும், புருஷன் இல்ல. வேற எப்படிப் பேசச் சொல்றே?"

ஈரப் பஞ்சை எடுத்து அவருடைய விரலைத் துடைத்துவிட்டேன்.

மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லூர்துசாமி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். யாரோ கைலாசபுரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா?"

"உக்காரு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அவர் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, "இதுக்கு உண்மையிலேயே விஷம் இல்லைங்களா?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் பல்லின் படத்தைக் காட்டி, பள்ளம் இல்லாததைக் காட்டி, கடகடவென்று பத்து நிமிஷமும் பேசினேன். பெண் பார்க்க வந்த அன்று தலை நிமிராதவள் நான். அவர் ஒரு இடத்தில் குறுக்கிட்டு, "அப்ப விஷ மீனைப் பாத்துப் பயந்த பெரிய மீனு, இதையும் பாத்துப் பயப்படும். அப்படித்தானே?" என்று கேட்டார். புரிந்துகொண்டு கேட்ட கேள்வி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கடிகாரம் அடித்தது. சவரியம்மாள் எழுந்து, புடவையை உதறி, சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பெர்னடெட் தானே குனிந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு கேட்டார்:

"அம்மா, உங்க பேரைக் கொஞ்சம் சொல்லுங்க. ஆய்வுக் குறிப்புல எழுதிக்கணும்."

அன்று சாயங்காலம் சவரியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னார்: "பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் மாதா கோயில்ல ஓலை வாசிச்சு, கல்யாணத்த வச்சுக்கலாம். பாதியில நிறுத்தி எனக்கு மருமக வேணாம்." அப்பா வெகு நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

குஞ்சுகள்

கண்காட்சி முடிந்த மூன்றாவது நாள் காலையில் சங்கு காலியாக இருந்தது. தொட்டியின் மேல்மட்டம் முழுக்கக் கண்ணாடித் துணுக்குகள் மிதந்தன. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. நூற்றுக்கணக்கில். வைதேகி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நாளில் எல்லாம் போய்விட்டன. அவற்றின் வாய்க்கு ஏற்ற தீனி எங்களிடம் இல்லை. முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றியும் பார்த்தோம், தண்ணீர்தான் கெட்டது. வைதேகி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இதுகளுக்கு என்ன தீனின்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள்.

விடவில்லை. படிப்பு முடிந்ததும் கடலோரத்திலேயே ஆராய்ச்சி வேலைக்குப் போனாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண் தனியாகக் கடற்கரைக்கு வேலைக்குப் போவதாவது என்று உறவுக்காரர்கள் அவள் அப்பாவிடம் கேட்டார்கள். அவர் போய் அவளுக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. நான் படித்த கல்லூரியிலேயே வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, பின்பக்க வராந்தாவில் லூர்துசாமி எனக்கு ஒரு தொட்டி செய்து கொடுத்தார். முழுக்கக் கண்ணாடி, இரும்பே கிடையாது. வைதேகி புதிதாக ஒரு ஜோடி வரி மீன் கொண்டு வந்து விட்டாள். அதோடு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்தும் பச்சைத் தண்ணீரை வாரம் ஒரு பாட்டிலாக ரயிலில் அனுப்பினாள். குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால்.

இரண்டு தடவை தோற்றோம். மூன்றாம் தடவை, நூற்றுக்கணக்கானவற்றில் மூன்று குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டின. இரண்டு வாரம் தாண்டின. அத்தை சவரியம்மாள் அப்போது எங்களோடுதான் இருந்தார். முறுக்கு வியாபாரத்தைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டார். காலையில் எழுந்ததும் ஜெபம் முடித்து, நேராகத் தொட்டிக்குத்தான் போவார். "மூணும் இருக்கு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் குரல் வரவில்லை. பயந்துபோய் ஓடினேன்.

அத்தை தொட்டியில் மூக்கு படக் குனிந்திருந்தார். நானும் குனிந்தேன். அதுவரை கண்ணாடி மாதிரி இருந்த மூன்று குஞ்சுகளும் கல்லிடுக்கில் வந்து உட்கார்ந்திருந்தன. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றின் உடம்பிலும், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி, மூன்று வரிகள்.

"இதுங்க இங்கயே பொறந்ததுங்கதானே?" என்றார் அத்தை.

"ஆமாங்க அத்தை."

"கடலையே பாக்கல. விஷ மீனையும் பாத்ததில்ல. அப்புறம் யாரைப் பாத்து இப்படி உடுத்திக்கிச்சுங்க?"

பத்து வருஷம் விலங்கியல் படித்தவள், பாடம் நடத்துகிறவள் நான். என்னவோ சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே போதவில்லை.

"முழுசாத் தெரியலைங்க அத்தை" என்றேன்.

"பரவாயில்ல, இரு" என்று தள்ளி உட்கார்ந்து, எனக்கும் முக்காலியில் இடம் விட்டார். அன்றைக்குக் கல்லூரிக்கு நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.